மூன்றாம் நாள் பிரித்த கட்டு

கோயில் மடப்பள்ளியில், கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையின் பின்மூலையில், புண்ணுக்குக் கட்டும் காஸ் துணிச் சுருள் ஒன்று, பாதி தீர்ந்தது, இருக்கிறது. நான்கு வருடமாக அங்கேதான் கிடக்கிறது. இழுப்பறையைத் துடைக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். தூக்கிப் போடலாமா என்று யோசிப்பேன். போட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று திரும்ப வைத்துவிடுவேன். நான் அப்படிப்பட்ட ஆள். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, பார்க்கிங் லாட்டிலிருந்து மூன்று தடவை திரும்பி வருகிறவன். அந்தச் சுருளில் தீர்ந்துபோன பாதி என் வலது கையில் சுற்றப்பட்டது. சுற்றியவர் ப்ரொஃபசர் அம்மா.

அம்மா என்று சொன்னாலும் என்னைவிடப் பத்து வயது இளையவர். நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில், ரிச்சர்ட்சன் பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில் சரித்திரம் நடத்தினார். நம் ஊர்ச் சரித்திரம் இல்லை; ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஐரோப்பா. "மெட்ராஸ்ல பொறந்துட்டு எதுக்கு வெள்ளைக்காரன் ராஜா கதை? ஐ.டி.ல ஒரு கோர்ஸ் பண்ணியிருக்கலாம்ல" என்று டைனிங் ஹாலில் ஆன்ட்டிகள் அவர் காதுபடவே பேசுவார்கள். அவர் கேட்டுச் சிரித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் வழக்கம்போல் வந்து எனக்குப் பூசணிக்காய் நறுக்கித் தருவார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படிப்புதான் நின்றது, கேள்விகள் நிற்கவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன், அவர் நறுக்கிக்கொண்டே சொல்வார். அந்த ராஜாக்களில் பலர் ஒரே ஊரில் உட்கார்ந்து ஆள மாட்டார்களாம். ஒரு பண்ணையில் தானியமும் இறைச்சியும் தீர்ந்தால், பரிவாரத்தோடு அடுத்த பண்ணைக்குக் கிளம்பிவிடுவார்களாம். "அப்போ சாப்பாட்டைத் தேடி ராஜாவே போவாரா?" என்று கேட்டேன். "ஆமாண்ணா. கூடப் போற சமையல்காரன் பாடுதான் திண்டாட்டம்" என்றார். அந்தச் சமையல்காரனை நினைத்து அன்றெல்லாம் எனக்குக் கவலையாக இருந்தது. போகிற ஊரில் விறகு ஈரமாக இருந்தால் அவன் என்ன செய்வான்?

நான்கு வருடம் முன்பு பொங்கல் விழா முடிந்த வாரம், நைவேத்தியம் வைக்கும் வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனது. மடப்பள்ளிச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று கோயில் செயலாளரிடம். செயலாளர் ஒரு டெலிகாம் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். கோயிலுக்காக ராப்பகலாக உழைப்பவர் என்று பெயர். அவர் என்னைத் திருடன் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நாலு பேர் நாலு விதமா பேசறாங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங் முடிஞ்சதும் சன்னதியில கற்பூரத்தைக் கையில ஏத்தி, நான் எடுக்கலைன்னு ஒரு சத்தியம் பண்ணிடுங்க. மேட்டர் ஓவர்" என்றார். என் விசா கோயில் ஸ்பான்சர் பண்ணியது. வேலை போனால் இந்த நாட்டிலேயே இருக்க முடியாது. அதைவிடப் பெரிய பயம், என் கை சும்மாவே நடுங்கும். கற்பூரம் ஏந்தி நடுங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அந்தப் பதற்றத்திலேயே மறுநாள் கொதிக்கிற சாம்பார் அண்டாவைத் துணியில்லாமல் பிடித்துவிட்டேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமையே வந்து நறுக்கிக்கொண்டிருந்த ப்ரொஃபசர் அம்மா ஓடிவந்து, குளிர்ந்த தண்ணீரில் கையைக் காட்டச் சொல்லி, ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியிலிருந்து காஸை எடுத்துச் சுற்றினார். சுற்றும்போதே அவருக்கு அவருடைய அந்தக் கால ஐரோப்பாக்காரர்கள் ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயும் இதே கதைதானாம். ஒருவன்மேல் பழி விழுந்து சாட்சியும் இல்லையென்றால், பாதிரியார் மந்திரித்த கொதிநீர் அண்டாவுக்குள் கைவிட்டு அடியில் கிடக்கும் கல்லை எடுக்கச் சொல்வார்கள். பிறகு கையைக் கட்டி முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் பிரித்துப் பார்க்கும்போது புண் சுத்தமாக ஆறியிருந்தால் நிரபராதி, சீழ் வைத்திருந்தால் குற்றவாளி. தீர்ப்பு கடவுளுடையது என்று எல்லாரும் நம்பினார்கள்.

"எனக்கு சுகர் இருக்கேம்மா" என்றேன். "சின்ன கீறலே ஒரு மாசம் ஆகும்."

அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அப்ப அந்தக் காலத்துல சுகர் பேஷன்ட் எல்லாம் திருடன்தான். பயப்படாதீங்கண்ணா, அவங்ககிட்ட இன்னொரு வழியும் இருந்துது."

அந்த வழி எனக்கு இன்னும் ஆச்சரியம். குற்றம் சாட்டப்பட்டவன் பன்னிரண்டு பேரைக் கூட்டிவருவான். நடந்ததைப் பார்த்த சாட்சிகள் இல்லை அவர்கள். என்ன நடந்தது என்றே தெரியாமல் இருக்கலாம். 'இந்த ஆளுடைய சத்தியம் சுத்தமானது' என்று மட்டும் அவர்கள் சத்தியம் செய்வார்கள். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. சில நாடுகளில் ஒரு பிரபுவின் சத்தியம் ஆறு குடியானவர்களின் சத்தியத்துக்குச் சமமாம். வீட்டுக்குப் போய் எனக்காக யார் நிற்பார்கள் என்று விரல்விட்டு எண்ணினேன். ப்ரொஃபசர் அம்மாவைத் தவிர ஒரு பெயரும் உறுதியாகத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த பயம் விசாவைப் பற்றியது இல்லை.

மூன்றாம் நாள், மீட்டிங்குக்கு முன்னால், அவரே வந்து கட்டைப் பிரித்தார். ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் சீழ் கட்டியிருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். நான், "அவங்க சட்டப்படி நான் குத்தவாளிதான், இல்லையாம்மா?" என்றேன். "கட்டைப் பிரிக்கிறவங்க என்ன சொல்றாங்களோ அதாண்ணா சட்டம். சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லி, மருந்து தடவிப் புதுசாகச் சுற்றிவிட்டு, மீதிச் சுருளை இழுப்பறையில் போட்டார்.

மீட்டிங்கில் அவர் எழுந்து, கற்பூரமெல்லாம் வேண்டாம், இவருடைய வார்த்தைக்கு நான் பொறுப்பு, இன்னும் யார் யார் என்று கேட்டார். முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு அவரைக் கிண்டல் செய்கிற ஆன்ட்டிகளிலேயே மூன்று பேர் எழுந்தார்கள். "இவர் இல்லேன்னா பிரசாதம் யாரு பண்றது" என்று ஒருவர் முணுமுணுத்தார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கடைசியாக, இதய டாக்டரான ஒரு அங்கிள் செல்போனைப் பையில் போட்டுவிட்டு எழுந்து நின்றார். ப்ரொஃபசர் அம்மா எண்ணிவிட்டு, "மொத்தம் ஏழு பேர். நான் படிச்ச கணக்குல டாக்டர் அங்கிள் மட்டும் ஆறு பேருக்குச் சமம். பன்னெண்டு சரியா இருக்கு" என்றார். கூடம் சிரித்துவிட்டது. சிரித்தபிறகு யாரும் கற்பூரத்தைக் கேட்கவில்லை. செயலாளரும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு ப்ரொஃபசர் அம்மா வேறு வேலை கிடைத்து நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார். கடைசிவரை 'நீங்க எடுத்தீங்களா' என்று என்னை அவர் கேட்டதில்லை. எனக்கு அது பெரிய பெருமை. என்மேல் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் செயலாளர் வீட்டு கராஜில் இருக்கும் இரண்டாவது ஃப்ரீசர் ரிப்பேராகி, எல்லாவற்றையும் வெளியே எடுத்திருக்கிறார்கள். அடியில், அலுமினியம் ஃபாயில் சுற்றிய ஒரு கல்லுருண்டை. உருகியதும் சர்க்கரைப் பொங்கல். பொங்கலுக்கு அடியில் வெள்ளிக் கிண்ணம். அவரே கொண்டுவந்து கமிட்டி முன்னால் வைத்தார். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? தானே எடுத்து வைத்துக்கொண்டு சமையல்காரன்மேல் பழி போட்டவர் என்று வாட்ஸ்அப்பில் ஓட ஆரம்பித்துவிட்டது.

வியாழக்கிழமை அவர் மடப்பள்ளி வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே நின்றார். "அண்ணா, அன்னிக்கு விழா முடிஞ்சு மிச்சம் மீதியெல்லாம் ஃபாயில் போட்டு வேன்ல ஏத்தினோம். எதுல என்ன இருந்துச்சுன்னு பாக்கலை. ஞாயித்துக்கிழமை மீட்டிங். எனக்காக எழுந்து நில்லுங்கன்னு உங்ககிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்லை."

எனக்கு வாய்வரை வந்தது. 'நெசமாவே தெரியாதா?' என்று. என்னைக் கற்பூரம் ஏந்தச் சொன்ன மனுஷன். அவர் முகத்தையே பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிற அளவு நேரம். அப்போதுதான், கட்டைப் பிரித்துவிட்டு ப்ரொஃபசர் அம்மா என் முகத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது. அவருக்கும் அந்தக் கேள்வி வாய்வரை வந்திருக்கிறது. கேட்காமல் விழுங்கியிருக்கிறார்.

"நான் வரேன் சார்" என்றேன்.

அவர் போனபிறகு அடுப்பைத் துடைத்து, இழுப்பறையைத் திறந்து, சுருளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் செயலாளருக்காக முதல் ஆளாக எழுந்தேன். கை நடுங்கத்தான் செய்தது.