காதில் குடியேற வந்த தேனீ

தேனீக்கள் என் காதுக்குள் குடிவரப் போகின்றன என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டாம், காதும் ஒரு பொந்துதானே.

எங்கள் மலைக்கு ரோடு வராத வெள்ளைக்காரன் காலம். உப்பு வாங்குவதென்றாலும் அடிவாரத்துக் காரவள்ளிக்கு நடந்துதான் இறங்க வேண்டும். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் சாமைக்காட்டோரம் ஒரு பலாமரம். கைக்கெட்டும் கவட்டையில் மாமா ஒரு காலிப் பானையை, உள்ளே மெழுகு தடவி, படுக்க வைத்திருந்தார். தேனீ வந்து அடை கட்டட்டும் என்று. அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் நான் குருவி விரட்டுவேன். ஒன்றிரண்டு தேனீக்கள் மட்டும் என் காதோரமே இரைந்துகொண்டிருக்கும்.

"ஏனுங்க மாமா, இது ஏன் என்னையே சுத்துது?"

"எடம் பாக்க வந்திருக்குது கண்ணு. புடிச்சுப்போச்சுன்னா ஊரையே கூட்டியாந்துரும்." என் காதை உற்றுப் பார்த்தார். "உனக்கு நல்ல விசாலமாத்தான் இருக்குது."

அன்றிலிருந்து இரண்டு காதிலும் இலவம்பஞ்சு. அம்மா கூப்பிட்டது கேட்காமல் முதுகில் வாங்கியது தனி.

ஒரு காலையில் சாமைக்காட்டுக்கு மேலே கரும்புகைபோல் ஒன்று சுழன்று வந்தது. பஞ்சையும் மீறி இரைச்சல். குடிவந்துவிட்டார்கள்! வீட்டுக்கு ஓடியிருக்கலாம். நான் அறிவாளி அல்லவா, அந்தப் பானையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

உள்ளே இருட்டு, மெழுகு வாசம். பானை கனக்கத் தொடங்கியது. கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. பானைக்குள் அழுதால் அழுகை இரட்டிப்பாகத் திரும்பிவரும் என்பதை அன்றுதான் கற்றேன்.

பிறகு இரண்டு கைகள் என் தோளை அழுத்தி உட்காரவைத்தன. பானை மெல்ல மெல்ல மேலே போனது. அதன்மேல் கம்பளிபோல் ஈக்கள் அப்பியிருந்தன. பிடித்திருந்தவர் மாமா. நான் பஞ்சைப் பிடுங்கினேன்.

"ஏண்டா சாமி, ஊட்டையே தூக்கித் தலையில கவுத்துக்கிட்டா குடி வாரவங்க எங்கடா போவாங்க?"

பானையைக் கவட்டையில் வைக்கும்போது குலுங்கிச் சிரித்ததில் அவருக்கு இரண்டு கொட்டு. எனக்கு ஒன்றுகூட இல்லை.

அன்று எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. அந்த ஈக்கள் அத்தனையும் ராணி என்ற ஒரே தாயின் பிள்ளைகள், தகப்பன்கள்தான் பல. அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் புதிதாக ஒரு பொந்தைக் கண்டால் எட்டிப்பார்க்காமல் இருப்புக்கொள்ளாது. யாரும் பழக்குவதில்லை, தகப்பன்வழியில் உடம்போடு பிறந்த குணம். மற்றவை கிளையில் கொத்தாகத் தொங்கிக்கொண்டு சேதிக்குக் காத்திருக்கும். அந்தச் சில ஈக்கள் பார்த்துத் தேர்ந்தது என் காதை அல்ல, தலைக்கு மேலிருந்த பானையை. பொழுது சாய்வதற்குள் மொத்தக் கூட்டமும் அதற்குள் போய்விட்டது.