காமாட்சியக்கா வேண்டாம் என்று சொன்ன பகுதி

காமாட்சியக்கா இறந்துவிட்டார். முந்தாநாள், ஆஸ்பத்திரியில்.

எனக்கு யாரும் போனில் கோல் எடுத்துச் சொல்லவில்லை. ஃபேஸ்புக்கில் ஒருவர் என்னை டேக் செய்திருந்தார்... "மலையகத்தின் கதைசொல்லியை இழந்தோம்" என்று எழுதி, அக்காவின் படத்தையும் போட்டு. அந்தப் படம் நான் எடுத்தது.

டேக்கை அழித்துவிட்டேன். அவர் யாரென்று இங்கே எழுதப்போவதில்லை. இதை அவர் படிப்பார், போதும்.

அக்கா கதைசொல்லியெல்லாம் இல்லை. வட்டகொடைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அவரிடம்தான் விட்டுப்போவார்கள். நானும் அவர் ஆட்டிய தொட்டிலில் கிடந்தவள்தான்.

நான் ஹட்டனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். லீவு நாளில் தோட்டங்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் வயதானவர்களின் பேச்சை போனில் ரெக்கார்ட் பண்ணுவேன். என்னை டேக் செய்த அந்த நண்பர் கொழும்பிலிருந்து வந்து தொடங்கிய வேலை அது. சாதாரண மனிதர்களின் வீட்டுக் கதை, வேலைக் கதை எல்லாம் அழிந்துபோகக் கூடாது என்றார். நம்பினேன்.

அக்காவிடம் கேட்டபோது, "எனக்கு என்னாடி கதை இருக்கு? பீத்துணி கசக்குன கதையா?" என்றார்.

"அதுதாங்க்கா வேணும்."

விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினார்...

மழை நாளில் பால் கொடுக்க ஓடிவரும் பெண்களை வாசலிலேயே மறித்துவிடுவாராம். "மொதல்ல கைய அடுப்புல காட்டுடி. அந்த ஐஸு கையோட தொட்டா புள்ள வெடவெடத்துப் போயிரும்." அவர்கள் கை சூடேறும் வரை, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாராம்.

மூன்றாவது ஞாயிறு ஒரு விஷயம் சொன்னார். சொல்லி முடித்ததும் போனைக் கையால் மூடினார். "இத எங்கயும் போட்டுறாத. அவன் காதுல விழுந்துறக் கூடாது."

'அவன்' என்றது எங்கள் லயத்து அண்ணன் ஒருவரை. (அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம்; அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் குடும்பமும் போக வேண்டிய நாள் வந்தது. அவருக்கோ உடம்பெல்லாம் அம்மை. அம்மை கண்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். குணமானதும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி, தன் மூத்த சகோதரியிடம் பிள்ளையை விட்டுப் போனார் அந்தத் தாய். கொஞ்ச நாளில் நாட்டில் சண்டை மூண்டு கப்பல் ஓடுவதே நின்றுபோனது. பெரியம்மாவையே பெற்ற அம்மா என்று நினைத்து வளர்ந்தார் அண்ணன். பெரியம்மா சாகும்வரை உண்மையைச் சொல்லவில்லை.

ரெக்கார்டிங் முழுவதையும் நண்பருக்கு அனுப்பினேன். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வெளியே விடக் கூடாது என்று தெளிவாக எழுதியும் அனுப்பினேன்.

சரியாக அந்த இடத்தையே வெட்டி வீடியோ போட்டார்.

"பெத்தவ புள்ளய இங்க போட்டுட்டு கப்பலேறிட்டா..." அந்த ஒரு வரி. அக்கா கண்ணைத் துடைப்பது. பின்னால் சோகமாக ஒரு மியூசிக். அண்ணனின் பெயரைக்கூட மறைக்கவில்லை. கீழே கமெண்ட்... "இவளெல்லாம் ஒரு தாயா?"

நான் கோல் எடுத்துக் கத்தினேன். அவர் சத்தமே போடவில்லை. "அதுதானே பவர்ஃபுல்லான இடம். பூட்டி வெச்சா யார் பார்க்கப்போறாங்க? அவங்க ஃபோர்ம்ல சைன் பண்ணியிருக்காங்கதானே."

ஆமாம், பண்ணினார். ஃபோர்ம் இங்கிலீஷில் இருந்தது. எங்கே சைன் வைக்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டியது நான்.

வீடியோவைப் பிறகு எடுத்தார். அதற்குள் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப் எல்லாம் சுற்றிவிட்டது.

அன்றைக்கு அக்கா எனக்குக் கோல் எடுத்தார். "ஒன்ன நம்பித்தானடி வாயத் தொறந்தேன்." அவ்வளவுதான். கட்.

நேரில் போனேன். வாசலில் ஏறும்போதே கேட்டார், "போனு வச்சிருக்கியா? வெளிய வச்சிட்டு வா." பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

அண்ணன் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஊரே கேட்ட பிறகு தனக்குத் தெரியவந்ததே என்ற கோபம். அக்கா இரண்டு தடவை அவர் வீடு வரை போயிருக்கிறார். கதவு திறக்கவில்லை.

இன்று அடக்கம். அண்ணன் வந்திருந்தார். எல்லாம் முடிந்து இறங்கும்போது என் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி... அது முழுசா ஒங்கிட்ட இருக்கா?"

இருந்தது. அக்கா வேண்டாம் என்றதும் ஞாபகம் இருந்தது. கேட்க அக்கா இல்லை.

இயர்போனைக் கொடுத்தேன். ரோட்டோரம் மதகில் உட்கார்ந்து கேட்டார். வெட்டி எறிந்த மிச்சம் அதில்தான் இருக்கிறது... "லொறியிலருந்து ரெண்டு தடவ எறங்கி ஓடியாந்தா. நாந்தான் புள்ளயத் தூக்கி வச்சிருந்தேன். மூணாவது தடவ புருசங்காரன் கையப் புடிச்சி இழுத்து ஏத்துனான். ஒரு மாசந்தான்க்கா, ஒரு மாசந்தான்க்கான்னு கத்திக்கிட்டே போனா."

அண்ணன் திரும்பவும் முதலிலிருந்து கேட்டார். போனை என் கையில் தந்தார்.

"எழுதுங்க தங்கச்சி. எங்கம்மாவ ஏசுனவங்க எல்லாரும் படிக்கட்டும்."

எழுதிவிட்டேன்.

அக்கா... உங்களைக் கேட்காமல் நானும் இன்னொரு தடவை செய்துவிட்டேன். ஏசுவதென்றால் ஏசுங்கள். ஏசிக்கொண்டே போய் வாங்க.