யாருடைய மௌனம் அது

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. டிசம்பர் மாதம் என்பதால் அதற்குள்ளேயே கிழக்கு லண்டனின் குட்மேய்ஸில் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அலுவலக ஃபோன் அடித்தது. எடுத்து "ஹலோ" என்றேன். பதில் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

தொண்ணூறுகளில் நான் ஒரு பெண்கள் ஆலோசனை நிலையத்தில் தமிழ் இன்டர்பிரட்டராக வேலை செய்தேன். கடைக்கு மேலே இரண்டு அறை, இரண்டு ஃபோன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் சட்டத்தைப் பற்றியும் பெனிபிட் என்ற அரசு உதவிப்பணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நான் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் சொல்வது.

1. பேசாமல் எடுக்கும் ஃபோன் கோல்

நஸீமா கிழக்கிலங்கையின் கரையோர ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். ஊரில் ஏறக்குறைய எல்லோருமே முஸ்லிம்கள். கணவரோடு லண்டனுக்கு வந்தார். கணவர் இறந்த பிறகு, மகளோடு வால்தம்ஸ்டோவில் மைத்துனரின் வீட்டு மேலறையில் இருந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு மொழிபெயர்த்ததில் எனக்குப் பழக்கம்.

"மச்சான் எனக்கு மாப்புள பாக்கிறார் அக்கா," என்று ஒருநாள் சொன்னார். "வேணாமெண்டு சொல்ல ஏலாது. சோறு போடுறது அவருதானே. எங்கட ஊர்ல கலியாணப் பதிவில பொம்புள கையெழுத்தும் போடுறல்ல. ஆம்புளயளே போட்டு முடிச்சிருவாங்க."

"அப்பிடி ஏதும் நடந்தா எங்களுக்கு அடியுங்கோ. கதைக்க ஏலாட்டி ரிசீவரை எடுத்துப் பக்கத்தில வைச்சிட்டு இருங்கோ. நான் விளங்கிக் கொள்ளுவன்."

"ஊமைக் கோல் எடுக்கச் சொல்றீங்க. பில்லு மச்சானுக்குத்தான் வரும்," என்று சிரித்தார்.

ஆகவே அந்த மூச்சு அவருடையதுதான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. இன்டர்பிரட்டர் தன் சொல்லை இடையில் நுழைக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். நானும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கோ கீழே பாத்திரங்கள் உரசின. படியேறும் காலடிகள். கதவு தட்டப்பட்டது.

"புள்ள," என்றது ஒரு முதிய ஆண்குரல். கனிவான குரல்தான். "சாட்சி ரெண்டு பேரும் வந்திரிக்கம். உங்கள நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமா?"

மூச்சு நின்றது. அறையில் இருந்த ஒருவர் இல்லாமல் போய்விட்டதைப் போல இருந்தது. ரிசீவருக்குள் கடிகாரம் மட்டும் ஓடியது.

"பேசாம இரிக்கா. சம்மதந்தான்," என்றார் இன்னொருவர்.

"மௌலவி வரட்டும். அவருக்கு முன்னால இன்னொருக்காக் கேப்பம்."

காலடிகள் இறங்கின. அதன் பிறகே மூச்சு திரும்பி வந்தது, துணிக்குள்ளிருந்து வருவதுபோல.

2. டீச்சர் சொன்னது

ரிசீவரைக் காதில் வைத்தபடியே மற்ற ஃபோனில் ஜெஸீமா டீச்சரை அழைத்தேன். வால்தம்ஸ்டோவில் பெண்களுக்குக் குர்ஆன் வகுப்பு நடத்துபவர். நஸீமாவின் வீட்டுக்கு அடுத்த தெருதான். காதில் விழுந்ததையெல்லாம் சொன்னேன்.

"அது எப்பிடிச் சம்மதமாகும்?" என்றார் டீச்சர். "கலியாணம் முடிக்காத குமர்ப்புள்ளைக்குத்தான் மௌனம் போதும். அவ வெக்கப்படுவா எண்டதால. நஸீமா ஒருக்கா கலியாணம் முடிச்சவ. அவ வாய் திறந்து சொல்லோணும். அந்த உரிமைய மார்க்கம் குடுத்திரிக்கு, அவ மச்சான் குடுக்கத் தேவல்ல. நான் போறன்."

எனக்கு மூச்சு வந்தது. சொல்லப்படாத ஒரு சொல்லை முதன்முறையாகச் சரியாக மொழிபெயர்த்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

அப்போது எங்கள் அலுவலகக் கதவு திறந்தது. மழையில் நனைந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நஸீமா நின்றார்.

"அக்கா, மச்சான் என்னய இங்க பக்கத்தில செவன் கிங்ஸில ஒரு வீட்டுக்குப் போகச் சொன்னார். அங்க ஆருமில்ல, பூட்டிக் கிடக்கு. எனக்கு மனசு சரியில்ல. அதுதான் இங்க வந்தன்."

என் காதில் மூச்சு தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஒருகணம், எதிரே நிற்பவரைத் தொட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

"நீங்கள் இஞ்ச நிக்கிறீங்கள்," என்றேன். "அப்ப அங்க ஆர்?"

"அங்க மகள் மட்டுந்தான். ஷிபானா. ஏன் அக்கா?" பிறகு என் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தார். "ஊமைக் கோல் எடுக்க அவளுக்கும் சொல்லிக் குடுத்திரிக்கன்."

ஷிபானாவுக்குப் பதினைந்து வயது. என் மகளுக்கும் அப்போது பதினைந்து. இங்கிலாந்துச் சட்டம் அதைக் கல்யாணமாக ஏற்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்கு அது கல்யாணம்தான். பிள்ளையை ஊருக்கு ஏற்றிவிட்டால் இந்தச் சட்டம் அங்கே போகாது. அவளோ குமர்ப்பிள்ளை. டீச்சர் சொன்ன கணக்குப்படியே அவளுடைய மௌனம் செல்லும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் பேசாமலிருந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று பார்ப்பதற்கு முன் அது யாருடைய மௌனம் என்று கேளுங்கள். இன்றும் என் மகள் ஃபோனில் கொஞ்சம் பேசாமலிருந்தால், "ஏதாவது கதை பிள்ளை, என்னவாவது கதை" என்று கத்திவிடுகிறேன். அவள் சிரிக்கிறாள்.

3. மூன்றாவது குரல்

நஸீமா ரிசீவரைப் பறித்து, "ஷிபானா, உம்மா இங்க" என்று கூப்பிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அங்கே ரிசீவர் எந்தத் தலையணைக்குக் கீழே கிடந்ததோ, அவள் கேட்கவில்லை. படியில் காலடிகள், இம்முறை நிறைய. நாங்கள் இருவரும் ஒரே ரிசீவரில் காதை வைத்தோம். அவருடைய நனைந்த முக்காடு என் கன்னத்தில் ஒட்டியது.

"புள்ள, மௌலவி வந்திரிக்கார். சம்மதமா?"

கடிகாரம்.

"பாத்தீங்களா மௌலவி, பேசாமத்தான்..."

"கொஞ்சம் வழிய விடுங்க." ஜெஸீமா டீச்சரின் குரல், மூச்சிரைத்தபடி. "நஸீமா எங்க? இந்தப் புள்ளயா பொண்ணு?"

"குமர்ப்புள்ள டீச்சர்," என்றது முதிய குரல். "பேசாம இரிந்தாச் சம்மதந்தானே. நீங்களே வகுப்பில சொல்லிக் குடுக்கிறதுதான்."

"ஓம், நாந்தான் சொல்லிக் குடுத்த. வெக்கத்தில பேசாம இரிக்கிற புள்ளைக்கு. இவள் முக்காட்டுத் துணிய வாயில திணிச்சுக் கடிச்சிட்டு இரிக்காள். இதுக்குப் பேரு வெக்கமா மௌலவி? பயத்தில அடஞ்ச வாயச் சம்மதமெண்டு எழுதுவீங்களா?"

டீச்சரின் குரல் அவள் பக்கம் திரும்பியது.

"துணிய எடு புள்ள. எனக்கு இல்ல, இவங்களுக்குக் கேக்கிறாப்போலச் சொல்லு."

நஸீமா என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"எனக்கு வேணாம்," என்றது ஒரு குரல். மிகச் சிறிய குரல். அந்த வீட்டில் யாரும் அதற்குமுன் கேட்டிராத குரல்போல இருந்தது.

ஏதோ புரட்டப்பட்டது. ரிசீவரை யாரோ எடுத்தார்கள்.

"தங்கச்சி, இன்னும் லைன்லயா? உம்மா அங்க வந்திட்டாவா?" என்றார் டீச்சர். "அவக்கிட்டச் சொல்லுங்க. மௌனத்துக்குச் சாட்சி சொல்ல வந்த ரெண்டு பேரும் இப்ப இவள்ட வாய்ச் சொல்லுக்குச் சாட்சி. புள்ளய நான் கூட்டிட்டு வாறன்."