மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை

எங்கள் தெருவில் யாரும் அதைக் கினி பிக் என்று சொன்னதில்லை. பெருச்சாளி என்றார்கள். "இன்னாக்கா, பெருச்சாளி வளக்கறியாமே?" என்று எதிர்வீட்டுக்காரி முதல் நாளே கேட்டுவிட்டுப் போனாள். பழுப்பும் வெள்ளையுமாக, வால் இல்லாமல், ஒரு சாணுக்குச் சற்று அதிக நீளத்தில் இருக்கும். என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள், லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். கூட வேலை பார்த்த பெண் வேறு ஊருக்கு மாறிப் போகும்போது இதை இவள் கையில் கொடுத்துவிட்டாள். ஹாஸ்டலில் பிராணி எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. அம்மா வீடு பிறகு எதற்கு இருக்கிறது? கூண்டோடு பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினாள்.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் பத்து மாதம் ஓடியது. அந்தப் பத்து மாதத்தில் அவள் ஊருக்கு வந்தது மூன்று முறை. போன் ஞாயிற்றுக்கிழமை மட்டும். முதலில் "அது எப்படிமா கீது?" என்பாள், அப்புறம்தான் நான். சில வாரம் என் முறை வருவதற்குள் அவளுக்கு வேறு போன் வந்துவிடும்.

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவுகிற வீட்டில் பிறந்து, அதே மாதிரி ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். எங்களுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. தண்ணீருக்குள் குனிந்து, தவழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற பறியை வாயில்தான் வைத்துக்கொள்ள முடியும். பனையோலையில் முடைந்த பை அது. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் போகும். பறி நிறைய நிறையக் கனம் பல்லில் இறங்கும். நன்றாகக் கிடைத்த நாளில்தான் வாய் அதிகம் வலிக்கும். முப்பது வயதிலேயே என் முன்பல்லில் கயிறு உட்காரப் பள்ளம் விழுந்துவிட்டது. நாற்பதில் இரண்டு பல் ஆடி விழுந்தன. இப்போது ஐம்பத்தொன்று. பறியைக் கடைவாய்க்குத் தள்ளிக் கடிக்கிறேன்.

மகளை நான் ஏரியில் இறக்கவில்லை. அவள் நைனா உயிரோடு இருந்தபோது, "எல்லாப் புள்ளயும் எறங்குது, இவ இன்னா மகாராணியா?" என்று கேட்டதுண்டு. ஆமாம், மகாராணிதான் என்றேன். பறிக்கயிறு அவள் பல்லில் பட்டதே இல்லை. வரிசையான, வெள்ளையான பல். அவள் சிரித்தால் எனக்குக் கர்வமாக இருக்கும், அதை நான்தான் செய்தேன் என்று.

ஆகையால் பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அது தேயும். கூண்டோடு மகள் ஒரு மூட்டை காய்ந்த புல்லும் கொண்டுவந்திருந்தாள். "மெயினா இதத்தாம்மா குடுக்கணும். மத்ததெல்லாம் ஒரு கை அளவுதான்" என்றாள். தொட்டுப் பார்த்தேன். துடைப்பக்குச்சி மாதிரி இருந்தது. அவள் போன பிறகு ஒரு பிடி போட்டுப் பார்த்தேன். அந்தச் சின்ன வாய் அதை வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் அரைத்ததைப் பார்க்க எனக்குப் பல் கூசியது. மூட்டையைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். குழைந்த சோறு, பாலில் ஊறிய ரொட்டி, வேகவைத்த கேரட், மசித்த கீரை. நன்றாகத் தின்று கொழுகொழுவென்று ஆனது. என் காலடிச் சத்தம் கேட்டாலே வீக் வீக் என்று கூப்பிடும். மகள் போனில் "புல்லு துன்னுதாமா?" என்று கேட்டால், துன்னுது என்பேன். வாயில்லாத ஜீவனுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் அது சோற்றருகே வந்து, முகர்ந்து, திரும்பிப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. பசி இருந்தது, வாய்தான் ஒத்துவரவில்லை. தாடைக்குக் கீழே முடி எச்சிலில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. போனில் சொன்னேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். அந்த வருஷம் ஆடியில் எனக்கு எட்டு நாள் காய்ச்சல். அப்போது மாத்திரை பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

பொன்னேரி போய் ரயில் பிடித்துச் சென்னைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமையானவள். எக்ஸ்ரே எடுத்து, திரையில் காட்டினாள். கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து நாக்குக்கு மேல் பாலம் போட்டிருந்தன. நாக்கு அதற்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. "இதுங்களுக்குச் சாகற வரைக்கும் பல் வளந்துகிட்டே இருக்கும்மா. புல்லை அரைச்சு அரைச்சுத்தான் தேயணும். என்ன குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

சாகிற வரைக்கும் பல் வளருமா? எனக்கு முதலில் வந்தது பொறாமை. ஒரு எலிமேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. சோறு, ரொட்டி என்று முணுமுணுத்தேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

"எங்கம்மாக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்" என்றாள். அப்புறம் இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள்.

மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவினார்கள். சீழ் வைத்திருந்த ஒன்றைப் பிடுங்கினார்கள். மூன்று மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு இன்னொரு பல் விழுந்ததைப் போனில் சொன்னபோது "உப்புத் தண்ணில வாய் கொப்புளிமா" என்றவள் இவள்தானா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும்.

துண்டில் சுற்றிக் கொடுத்தபோது அது தலையைத் தூக்கவில்லை. டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அவள் கொடுத்த பச்சை நிறப் புல் மாவைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்ட வேண்டும். வலிக்கு மருந்து இரண்டு வேளை. தினம் எடை பார்க்க வேண்டும், புழுக்கை போடுகிறதா என்று பார்க்க வேண்டும். "வயிறு காலியாவே இருந்தா குடல் நின்னுடும். அஞ்சு நாளுக்குள்ள தானா கடிச்சுத் தின்ன ஆரம்பிக்கணும். இல்லைனா கஷ்டம்." வீட்டுக்கு வந்ததும் மகள் சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டேன். எட்டாவது வரைக்கும் படித்தது அன்றைக்கு உதவியது.

மகளுக்கு லீவு ஒரு நாள்தான் மிச்சம். கிளம்பும்போது வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இது செத்துச்சுன்னா நான் இந்த வூட்டுக்கு வரவே மாட்டேம்மா."

இப்போது மட்டும் வந்து கிழிக்கிறாயாக்கும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் சொன்னால் செய்கிறவள். என் பிடிவாதம் அப்படியே அவளுக்கு.

முதல் முறை நேராக முன்வாயில் சிரிஞ்சை வைத்து அழுத்திவிட்டேன். புரையேறி மூக்கு வழியாகப் பச்சையாக வந்தது. போச்சு, கொன்றுவிட்டோம் என்று சிரிஞ்சைப் போட்டுவிட்டு மூக்கைத் துடைத்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. பழைய துண்டில் இறுக்கிச் சுற்றி மடியில் வைத்து, பக்கவாட்டில், முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் ஒரு துளி விட வேண்டும். விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கழுத்தின் கீழே என் விரல் இருக்கும். கண்ணால் பார்க்காமல் சேற்றுக்குள் இறாலைத் தெரிந்துகொள்கிற விரல் அது. விழுங்கியதா, வாயிலேயே வைத்திருக்கிறதா என்று அதற்குத் தெரிந்துவிடும். விழுங்கினால் அடுத்த துளி. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒரு நாளைக்கு ஆறு வேளை. ஏரிப் பக்கமே போகவில்லை.

எடை மெஷின் எங்கள் பக்கம் இறால் வாங்குகிறவரிடம்தான் உண்டு. தினம் காலையில் துண்டோடு தூக்கிக்கொண்டு போவேன். "இன்னாம்மா, டைகர் எறாலா, வெள்ளை எறாலா?" என்று சத்தமாகக் கேட்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். முதல் நாள் எழுநூற்றுப் பத்து கிராம், இரண்டாம் நாள் அறுநூற்றுத் தொண்ணூறு. அவர்கள் சிரிக்கட்டும். எனக்குக் குறைந்த இருபது கிராம்தான் கண்ணில் நின்றது.

போன் வந்தது. காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது. ஒவ்வொரு வேளையும் மகள் கூப்பிட்டாள். எவ்வளவு இறங்கியது, புழுக்கை போட்டதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் பேசினவள் ஒரு நாளைக்கு ஆறு முறை பேசினாள். வேலைக்கு நடுவே மாடிப்படியில் நின்று பேசினாள். மூன்றாம் நாள் மத்தியானம் பயத்தில் அழுதுவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நீ சாப்ட்டியாமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அவள் கேட்டு எத்தனை வருஷம் ஆனது என்று யோசித்தேன். "சாப்ட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை.

நாலாம் நாள். பரண்மேல் கிடந்த காய்ந்த புல்லை இறக்கிப் போட்டிருந்தும் அது தொடவே இல்லை. ஏரிக்கரை முழுக்க உப்பு மண், அங்கே நல்ல புல் முளைக்காது. காலையிலேயே பொன்னேரி சாலையில் வெகுதூரம் நடந்துபோய், வயல் வரப்பில் அறுகம்புல் அறுத்து வந்திருந்தேன். கழுவிக் கூண்டில் போட்டுவிட்டு, மூன்று மணி வேளைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கறுக் கறுக் என்று சத்தம். திரும்பினேன். ஒரு நீளப் புல்லின் நுனி அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது, குழந்தை சேமியாவை உறிஞ்சுகிற மாதிரி. நின்றது. மறுபடி அரைத்தது. அடுத்த புல்லைத் தானாகவே இழுத்தது. கையில் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். அதைக் காப்பாற்றிவிட்டேன். என் மகள் இனிமேல் வீட்டுக்கு வருவாள். அப்போது போன் அடித்தது.

"துன்னுச்சாமா?"

"இல்லடி" என்றேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை. அவள் போனை வைக்கவில்லை. அப்படியே பேசிக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் சாப்பாடு, கூடத் தங்கியிருக்கிற பெண்ணின் குறட்டை, சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டபோது நான் இளநீரைத் துளித்துளியாக விட்டது. அதெல்லாம் அவளுக்கு நினைவில் இருந்ததே எனக்குத் தெரியாது. இருபது நிமிஷம் பேசினாள். ஆறு மணிக்கும் இல்லை என்றேன். ஒன்பது மணிக்கும். மறுநாள் முழுக்கவும் இல்லை என்றேன். அது பக்கத்தில் கறுக் கறுக் என்று தின்றுகொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசினேன். தப்பு என்று தெரியும். குடிக்கிறவனுக்கும் தெரியும்தானே.

ஆறாம் நாள் காலை அவள் வந்துவிட்டாள். டாக்டரம்மாவிடம் மறுபடி கொண்டுபோகலாம் என்று, லீவு கெஞ்சி வாங்கி, முகம் வீங்கி வந்தாள். கதவைத் திறந்ததும் அது வீக் வீக் என்று கத்தியது. வாயில் புல். கூண்டு நிறையப் புழுக்கை. மகள் கூண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எப்பலேந்து துன்னுது?"

"முந்தாநேத்து மத்தியானம்."

"அப்பறம் ஏம்மா இல்ல இல்லன்ன?"

"துன்னுதுன்னா நீ போன வச்சிருப்ப."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "ரெண்டு நாளா பாத்ரூம்ல போய் அய்தேம்மா. தெரியுமா உனக்கு?" என்றாள்.

தெரியும் என்றேன். தெரிந்துதான் செய்தேன் என்பதும் அவளுக்குப் புரிந்தது. சோறு போட்டேன். தொடவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் போய்விட்டாள். யாரோ சிநேகிதி வீட்டில் வைத்திருக்கிறாளாம். புல்தான் கொடுக்கிறார்களாம், அது நன்றாக இருக்கிறதாம். அதற்குப் பின் வந்த முதல் போனில் சொன்னாள். மறுபடி ஞாயிற்றுக்கிழமை போன்தான்.

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் சீழ் வைத்துத் தாடை வீங்கிப் போனது. மூன்று நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

"நெசமாவா சொல்ற?" என்று கேட்டாள்.

"நெசமாத்தாண்டி."

"ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பாக்கறேன்" என்றாள்.

நான் அனுப்பவில்லை.