இரண்டு பாக்கு, ஒரே சத்தம்

இண்டர்மீடியட் பரீட்சையில் பௌதிகத்தில் மட்டும் நான் தோற்றுப்போன வருஷம், தாய்மாமா என்னை மச்சில் போட்டுத் தாழிட்டார். அப்பா இறந்தபின் எங்கள் வீட்டையும் வயலையும் அவர்தான் பார்த்துவந்தார். குடும்பத்தில் ஒருவனாவது திருவனந்தபுரம் போய் மேலே படித்து சர்க்கார் உத்தியோகத்தில் உட்கார வேண்டும் என்பது அவர் முடிவு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. காலையில் கஞ்சி குடித்ததும் நான் மேலே ஏற வேண்டும். அந்தியில்தான் இறங்கலாம்.

தேங்காயும் உரிக்காத பாக்கும் குவித்து வைக்கிற இடம் அது. மரக்கம்பி அழி போட்ட ஒரே ஜன்னல். அறுப்பு முடிந்த வயலில் என் கூட்டாளிகள் பந்து உதைக்கிற சத்தம் அதன் வழியாக வரும். காதைப் பொத்திக்கொள்வேன்.

எறிந்த கல்லின் கணக்குகள்தான் என்னைப் படுத்தின. அறுபத்துநாலடி உயரக் கோபுரத்தின் மேலிருந்து ஒரு கல்லை விநாடிக்கு முப்பதடி வேகத்தில் படுக்கைவாட்டில் எறிகிறார்கள், எவ்வளவு தூரத்தில் விழும்? நான் அந்த முப்பதை எடுத்து, விழுகிற சூத்திரத்தில் போடுவேன். வர்க்கமூலம் முடியாமல் நீண்டுகொண்டே போகும். புத்தகத்தின் கடைசிப் பக்கமோ அறுபதடி என்றது. அழித்து அழித்துக் காகிதம் கிழிந்தது. மனப்பாடத்தாலேயே கல்லூரிவரை வந்தவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

மதியச் சோறு கொண்டுவருவது அக்கா. நன்றாகப் படித்தவளை நாலாம் பாரத்தோடு நிறுத்தியிருந்தார்கள். ஜாதகம் பொருந்தாமல் வரன்கள் தட்டிப்போய்க்கொண்டிருந்தன. மாமா சொல்லாமல் அவள் கோயிலுக்குக்கூடப் போக முடியாது.

"என்னலே, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் ஒருநாள்.

படத்தைக் காட்டினேன். வளைந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சும்மா கைய விட்டா விழுற கல்லும் இதும், எது முந்தி விழும்?"

"சும்மா விட்டதுதான். இது தூரமா போகணும்லா?"

"போட்டுப் பாத்தியா?"

கல்லூரியில் யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. அவள் கொல்லைக்கு இறங்கிப் போய், காயப்போட்டிருந்த தென்னோலைகளின் அருகில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "சத்தம் கேட்டு சொல்லுகேன். போடு."

இரண்டு பாக்கை எடுத்துக்கொண்டு கைகளை அழிக்கு வெளியே நீட்டினேன். இடக்கை விரல்களை விரித்த கணத்திலேயே வலக்கைப் பாக்கை நேர் எதிரே வீசினேன்.

"ஒண்ணுதான கேட்டுது? மத்தத எங்க?"

"ரெண்டும் போட்டாச்சுக்கா."

கண்ணைத் திறந்தாள். ஒன்று சுவரோரம் கிடந்தது, மற்றது ஓலையின் அந்தக் கடைசியில். திரும்பத் திரும்பப் போட்டோம். ஒரே சத்தம்தான்.

முன்னே போகிற முப்பதுக்கும் கீழே விழுவதற்கும் சம்பந்தமே இல்லை. கீழ்நோக்கி ஆரம்ப வேகம் பூஜ்யம். அப்படிப் போட்டால் அறுபத்துநாலடி விழ இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியும் முப்பது முப்பதாக முன்னே போனால் அறுபது! "அக்கா, வந்துட்டு!" என்று கத்தினேன்.

வந்தது மாமா. "ஏட்டி, படிக்கவன்கிட்ட ஒனக்கு என்ன சோலி?" என்று அவளை உள்ளே விரட்டினார். சாயங்காலமே தச்சனைக் கூப்பிட்டு ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டார். மறுநாள் முதல் அம்மாதான் சோறு கொண்டுவந்தாள். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வெளிச்சத்தில் மீதிக் கணக்குகளைப் போட்டேன். எல்லாம் வந்தன. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கீழே அடுக்களையில் பாத்திரம் விழும்போதெல்லாம் அக்காவை நினைத்துக்கொள்வேன்.

தேறிவிட்டேன். திருவனந்தபுரம் புறப்பட்ட அன்று அவள் கதவுக்கு உள்ளேயே நின்றாள்.

"சரிச்சு மேல எறிஞ்சா என்ன ஆகும்னு நீ சொல்லவே இல்லியே மக்கா."

"அப்பமும் வேகத்த ரெண்டாப் பிரிக்கணும்க்கா. மேல போறது தனி, முன்ன போறது தனி."

"எத வச்சுப் பிரிக்க?"

அதற்கு அவள் படிக்காத கணக்கு வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று நான் யோசிக்கும்போதே, "பஸ்ஸு போயிரும்லே" என்று மாமா தெருவிலிருந்து சத்தம் போட்டார்.

நான் விடுமுறைக்கு வந்தபோது அவளைத் திருவட்டாறு பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். பெரிய வீடு, நிறையப் பேர். சோறு பரிமாறும்போது, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டாள். மாமியார் பக்கத்திலேயே நின்றாள். எதை வைத்துப் பிரிப்பது என்பதைச் சொல்லாமலே கை கழுவிக் கிளம்பினேன்.