பாண்டிச்செல்வியும் எங்கள் பிளக்-இன்னும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: நம் பாலிடெக்னிக் லேபில் ஏழாம் நம்பர் கணினியின் டேப் பொத்தான், நீண்டகாலச் சேவைக்குப் பின், சென்ற செவ்வாய்க்கிழமை கழன்று விழுந்தது. அரியர் எழுதப் போயிருந்த நான்தான் நேரில் கண்ட சாட்சி. அதை அதிகம் அழுத்தியவள் பாண்டிச்செல்வி. எனவே துக்கம் விசாரிக்க நாரணாபுரத்தில் அவள் வீட்டுக்கு போன் செய்தேன். அவள் தம்பி எடுத்தான்.

"அக்கா காய்ச்சல்ல மதுரை ஆசுபத்திரியில இருந்துச்சுண்ணே. நேத்துக் காலையில உசுரு போயிருச்சு."

சொல்ல வைத்திருந்த வேடிக்கையை அப்படியே விழுங்கினேன்.

அவளோடு படித்த உங்களுக்கு எங்கள் கடைசி வருட ப்ராஜெக்ட் நினைவிருக்கும். நிரல் எழுதும் எடிட்டரில் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டேப் அழுத்தினால், அடிக்கடி தேவைப்படும் நிரல் துண்டு முழுதாக வந்து உட்காரும். அந்த பிளக்-இன்னைச் செய்தவன் நான் என்று ஊரே அறியும். அறியாதவர்களுக்கு நானே சொல்லியிருப்பேன்.

நான் அதில் சேர்த்த துண்டுகள் நானூறு. எடிட்டர் திறப்பதற்குள் கேன்டீனில் டீ குடித்துவிட்டு வரலாம்.

"ஏலே மணி, எல்லாத்தையும் எதுக்குலே மொத்தமா உள்ள கொண்டாந்து குவிக்க?" என்றாள் செல்வி.

"கல்யாண வீடுன்னா நாலு கூட்டு இருக்கத்தான செய்யும்."

"எங்கம்மா பட்டாசுக்கு மருந்து அடைக்கிற ரூமுல அப்பப்ப வேணுங்கறதுதான் இருக்கும். அது தீந்தாத்தான் அடுத்தது வரும். கூட வச்சா போர்மேன் வெளிய அனுப்பிருவாக."

பட்டாசு ஆலையின் அந்த வழக்கத்தையே அவள் நிரலாக எழுதினாள். எந்த மொழியில் எழுதுகிறோமோ அதற்கான துண்டுகள் மட்டும், கேட்கும்போது மட்டும் வந்தன. என் டீ நேரம் பறிபோனது.

மதுரையில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ப்ராஜெக்டில் தேறினால்தான் வேலை. இல்லையென்றால் அம்மாவோடு ஆலை வேனில் ஏற வேண்டியதுதான். இது தெரிந்தும் நான் சும்மா இருக்கவில்லை. 'ஃபார்' என்று தட்டினால், திரும்பத் திரும்பச் சுற்றும் நிரலுக்குப் பதில் "சங்குசக்கரம் சுத்துது, தள்ளி நில்லுங்க" என்று வரும்படி மாற்றிவைத்தேன். அவளைச் சிரிக்கவைக்கத்தான். பிறகு எடுக்க மறந்துபோனேன்.

தேர்வு நாளில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் தட்டியதே 'ஃபார்'தான்.

"என்னம்மா இது?"

செல்வி என் பக்கம் திரும்பவில்லை. "அது இவன் சொந்தமாச் சேத்த துண்டு சார். யாரும் அவங்கவங்களுக்கு வேணுங்கறதச் சேத்துக்கலாம், வேண்டாம்னா எடுத்துறலாம்" என்றபடி கோப்பைத் திறந்தாள். அந்த வரியை நீக்கி, சரியான நிரலைச் சேர்த்து, டேப் அழுத்தினாள். அது ஒழுங்காக வந்து நின்றது.

"நல்ல வசதியா இருக்கே. யாரோட யோசனை?" என்றார் அவர்.

நான் கையைத் தூக்கினேன்.

வெளியே வந்ததும், "திட்டிரு செல்வி" என்றேன்.

"பாஸாயிட்டோம்லே. போய்ச் சாப்பிடு."

மதுரையில் அவள் நான்கு மாதம் வேலை பார்த்தாள். கையைத் தூக்கியவனைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்மேல் கோபப்பட வேண்டிய அந்த அரை நிமிடத்தில், திரையைப் பார்த்து வேலையை முடித்தாளே, அதை மட்டும் நான் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

இணையத்தில் ஏற்றிய பிளக்-இன்னின் தலையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நேற்று முழுவதையும் திறந்து படித்தேன். நானூறு துண்டுகளும் பாடப்புத்தகத்தைப் பார்த்து நான் அடித்தவை. மற்றதெல்லாம் அவள் எழுதியது. சொந்தமாக நான் எழுதியது அந்தச் சங்குசக்கர வரி ஒன்றுதான். அதையும் அவள் அழித்துவிட்டாள்.