அழுத்தினால் பாஸ்

இஞ்சினியர் அடுப்பு சாரை வேலையை விட்டு அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீக்கு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு. வாசலில் காவலாளி அவர் பையைத் திறந்து பார்த்தான். டிபன் டப்பா, குடை, அடுப்பின் சூட்டைக் கோடு கோடாக வரைந்து வைத்திருந்த ஐம்பது தாள்கள். குடையை விரித்துக்கூடப் பார்த்தான். தாள்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான். லென்ஸ் அக்கா கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். அனுப்பியது மேனேஜர்தான். ஆனால் அவர் அனுப்பியது அவள் பேச்சை நம்பி.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பத்தொன்பதில் இந்த எலக்ட்ரானிக் போர்டு கம்பெனிக்குள் வந்தவள். எறும்புத் தலை அளவு உறுப்புகளை லென்ஸ் வழியே பார்த்து, கோணலை நேராக்கி, விட்டுப்போன இடத்தில் சால்டர் ஈயம் வைத்து இருபது வருஷம் ஓட்டினாள். ஒரு முனை ஒட்டாமல் செங்குத்தாக எழும்பி நிற்கும் உறுப்பைக் கண்டால், "இதோ ஒருத்தர் மேனேஜர் வர்றார்னு எழுந்து நிக்கிறார், உக்கார வைக்கிறேன் இரு" என்பாள். பக்கத்து மேசைகள் சிரிக்கும். பார்வை மங்கியதும் அவளைக் கடைசி மேசைக்கு, டெஸ்டுக்கு, மாற்றினார்கள்.

அங்கே வேலை சுலபம். போர்டைத் தட்டில் வைத்துச் சட்டத்தை மூடினால் அடியிலிருந்து ஊசிகள் தொட்டுப் பார்க்கும். பச்சை எரிந்தால் பாஸ், சிவப்பு எரிந்தால் ஃபெயில். சட்டத்தின் கொக்கி தளர்ந்து நாலு மாதமாயிற்று. போர்டு அசையாமலிருக்க, நடுவிலுள்ள பெரிய சிப்பின் மேல் இடது கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொள்வாள். அதை யாரும் கவனித்ததில்லை, அவளும் கவனித்ததில்லை.

அந்தப் போர்டுகள் லிஃப்டுகளுக்குப் போகிறவை. இரண்டு லிஃப்டுகள் மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டன என்று புகார் வந்தது. போர்டில் சால்டரை உருக்கி ஒட்டவைக்கும் அடுப்பே கதியென்று கிடந்ததால் அந்தப் பெயர் வாங்கிய இளம் இஞ்சினியர், திங்கட்கிழமை யாரையும் கேட்காமல் லைனை நிறுத்தினார்.

"சிப் ஈரம் வாங்கியிருக்கு சார்," என்று மேனேஜரிடம் சொன்னார். "அடுப்புச் சூட்டுல ஓரம் வளையுது. அடியில இருக்கிற ஈய உருண்டை போர்டுல தடவின பேஸ்டை விட்டு எழும்பிடுது. திரும்ப வந்து உக்கார்றதுக்குள்ள மேல ஆடை கட்டிடுது. தலையணையில தலை வச்ச மாதிரி தொட்டுக்கிட்டு இருக்கும், ஒட்டியிருக்காது. ஒரு போர்டை அறுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும். மூணு நாள் குடுங்க."

"நல்ல போர்டை எதுக்குய்யா அறுக்கணும்? டெஸ்டுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"சரி, அக்கா கிட்டயே குடுங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

மறுநாள் காலை எல்லாரும் சுற்றி நிற்க, இருபது போர்டு. இருபதும் பச்சை.

"அக்கா, ஒண்ணுகூடவா சந்தேகமா இல்ல?" என்றார் அடுப்பு சார்.

"பாஸ்னு வருது சார். நான் என்ன செய்ய?"

அடுத்த வாரம் சூட்டுக்கோல் பட்டு அவளுடைய இடது கட்டைவிரல் பொத்துப்போனது. கட்டுப் போட்டார்கள். விரலுக்குப் பதில் கொக்கியை ஒரு ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டி வேலையைத் தொடர்ந்தாள். மதியத்துக்குள் முப்பதில் ஒன்பது சிவப்பு. சிவப்பு வந்த போர்டு ஒன்றை மறுபடி தட்டில் வைத்து, சிப்பை வலது கட்டைவிரலால் அழுத்தினாள். பச்சை. விட்டாள். சிவப்பு. மறுபடி அழுத்தினாள். நாலு மாதமாக இப்படி அழுத்தி அனுப்பிய போர்டுகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

போர்டை மேனேஜர் அறைக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"கட்டை எப்பம்மா பிரிப்பாங்க?"

"வியாழக்கிழமை சார்."

"அப்போ வியாழக்கிழமை டெஸ்ட் பண்ணு. அதுவரைக்கும் பேக்கிங்ல இரு."

அன்று பஸ்ஸில் வரும்போது அடுப்பு சாருக்கு எழுதினாள்: 'நீங்க சொன்னதுதான் சரி சார். அழுத்தினா பாஸ், விட்டா ஃபெயில்.' இறங்குவதற்குள் பதில் வந்தது: 'அக்கா, இதையே ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. காரணமில்லாம லைனை நிறுத்தினவன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எந்தக் கம்பெனியிலயும் உள்ள விட மாட்டேங்கிறாங்க.'

கணவரிடம் காட்டினாள். அவர் தையல்காரர். கடையை மூடி ஒரு வருஷமாகியிருந்தது.

"எழுதிக் குடு," என்றார். "நாளையிலிருந்து நான் சட்டை தைக்கிறேன், நீ பட்டன் கட்டு. ராஜ வாழ்க்கை."

அவள் சிரிக்கவில்லை.

"பாப்பா படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு," என்றார் பிறகு, சுவரைப் பார்த்தபடி.

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். புதுத் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. சிப்பின் மேல் வைத்து அழுத்தினாள். விரல் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். அடுப்பு சார் இன்னும் இரண்டு முறை கேட்டு எழுதினார். ஒவ்வொன்றையும் படித்தாள். பதில் எழுத விரல் வரவில்லை. அப்புறம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மகள் படிப்பை முடித்தாள், ஆறாவது மாடி அலுவலகம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. சேர்ந்த நாளன்று மூவரும் போனார்கள். லென்ஸ் அக்கா நேரே மாடிப்படிப் பக்கம் நடந்தாள்.

"முட்டி வலிக்குதுன்னு ராத்திரி பூரா அனத்துனது யாரு?" என்று கணவர் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவள் திரும்பி வந்து, லிஃப்டுக்குள் நின்ற மகளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். மூவருமே படியேறினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து, வேலைக்குக் கிளம்பும்போது போன் அதிர்ந்தது. எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. செருப்பை மாட்டாமலே நின்று படித்தாள்.

'அக்கா, நல்லா இருக்கீங்களா? அந்தக் காகிதம் இனி வேண்டாம். மாமனாரோட மரக்கடைக்குப் போயிட்டிருக்கேன், இனி அந்தப் பக்கம் வர்றதா இல்ல. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களைக் கேட்டிருக்கக் கூடாது. அப்புறமும் தொல்லை பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.'